சமாந்தரத் துறையின் வரலாறு

உடுவிலைச் சூழ்ந்த ஊர்கள் ஈழத்து அச்சுக்கலை வரலாற்றில் நிலையான இடம் பெற்றவை. அயலூராகிய மானிப்பாயில் அமெரிக்க மிஷனாரின் அச்சகம் 1834ஆம் ஆண்டளவில் தொழிற்படத் தொடங்கிற்று. 1841ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் ‘உதயதாரகை’ வெளிவந்தது. 1842இல் மானிப்பாய் அகராதி அச்சேறியது. 1849இல் ஆறுமுக நாவலர் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். இவை யாழ்ப்பாணத்தார் யாவரும் பெருமையுடன் நினைவுகூருஞ் செய்திகள்.

அக்கால அச்சகத்தார் யாவருக்கும் ஒரு விதி பொதுவாக இருந்தது. ஈய எழுத்துகள் எத்துணை அழகாக வார்க்கப்பட்டிருந்தாலும், அவற்றின் உயரம் ஒன்றாக இராவிடில் பயனில்லை. இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் வழக்கில் அவ்வுயரம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 918 பங்கு. ஓரெழுத்து சற்றே குறைந்தால் அது தாளிற் படாது. சற்றே உயர்ந்தால் தாளைக் கிழிக்கும். புதிய எழுத்து வாங்குவோன் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி ‘அழகியதா?’ என்பதன்று, ‘உள்ளதனோடு ஒத்துப்போகுமா?’ என்பதே.

நூற்றைம்பது ஆண்டுகளின்பின், ஈய எழுத்தின் இடத்தைக் கணினியும் அதனோடு வடத்தாற் பிணைக்கப்பட்ட அச்சுப்பொறியும் பிடித்தபோது, அதே கேள்வி வேறொரு வடிவில் மீண்டும் எழுந்தது. அக்கேள்விக்கு விடைகாண முயன்றதன் வரலாறே சமாந்தரத் துறையின் வரலாறு. கால் நூற்றாண்டுக்கு மேலாக உலகின் மேசைக் கணினிகளின் முதுகிலே காணப்பட்ட இருபத்தைந்து துளைகளையுடைய அச்சிறு வாயில் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. எனினும், பழையதும் புதியதும் ஒருங்கு வாழ்வது எங்ஙனம் என்பதைப் பற்றி அது கற்பித்த பாடம் மறையவில்லை.

சமாந்தரத் துறையின் தோற்றம் 1970ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அமெரிக்காவின் நியூ ஹம்சயர் மாநிலத்து ஹட்சன் என்னும் ஊரிலிருந்த சென்ரோனிக்ஸ் நிறுவனம், அவ்வாண்டு ‘மொடல் 101’ என்னும் புள்ளி அச்சுப்பொறியை வெளியிட்டது. அதனைக் கணினியோடு இணைக்க முப்பத்தாறு முனைகளையுடைய ஓர் இணைப்பி பயன்படுத்தப்பட்டது. வாங் என்னுங் கணிபொறி நிறுவனத்திடம் மிகுதியாகத் தேங்கிக் கிடந்த இணைப்பிகளே அதற்கு எடுத்தாளப்பட்டன என்பர். கையிருப்பில் இருந்ததைக் கொண்டு செய்த ஏற்பாடொன்று உலக வழக்கானமை வரலாற்றின் வியப்புகளுள் ஒன்றாகும்.

அவ்வேற்பாட்டின் இயல்பு எளியது. ஓரெழுத்தைக் குறிக்கும் எட்டுப் பிற்றுகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியிற் செல்லாமல், எட்டுக் கம்பிகளில் ஒரே வேளையிற் செல்லும். ‘சமாந்தரம்’ என்ற பெயர்க்குக் காரணம் இதுவே. எட்டுப் பிற்றுகளும் நிலைபெற்றதும், ‘எடுத்துக்கொள்’ என்னுங் குறிப்பைக் கணினி வேறொரு கம்பியில் விடுக்கும். அச்சுப்பொறி தன் வேலையில் ஈடுபட்டிருக்கும்போது ‘பொறு’ என்னுங் குறிப்பையும், வேலை முடிந்ததும் ‘பெற்றுக்கொண்டேன்’ என்னுங் குறிப்பையும் திருப்பி விடுக்கும். பந்தியிலே பரிமாறுவோன் இலையைப் பார்த்துப் பரிமாறுவதும், உண்போன் போதுமெனக் கையால் இலையை மறைப்பதும் போன்றது இது. இருவருள் ஒருவருக்கு மற்றவருடைய சைகை விளங்காவிட்டால், ஒன்றில் இலை வழியும், அன்றேல் உண்போன் பசியோடிருப்பான்.

1981ஆம் ஆண்டு ஓகத்து 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை வெளியிட்டபோது, இவ்வேற்பாட்டையே ஏற்றுக்கொண்டது. கணினியின் பக்கத்தில் மட்டும் முப்பத்தாறு முனை இணைப்பிக்குப் பதிலாக இருபத்தைந்து முனை இணைப்பி வைக்கப்பட்டது. அவற்றுள் எட்டு எழுத்தைக் கொண்டு செல்லும். நான்கு கணினியின் கட்டளைகளைக் கொண்டு செல்லும். ஐந்து அச்சுப்பொறியின் நிலையைக் கணினிக்கு அறிவிக்கும். எஞ்சிய எட்டும் நிலத்தொடுப்பு. அக்கணினியுடன் ஐ.பி.எம். தன் பெயரில் விற்ற அச்சுப்பொறி, யப்பானிய எப்சன் நிறுவனத்தின் ‘எம்.எக்ஸ். 80’ என்பதன் மறுவடிவமேயாம்.

இத்துறை ஒருவழிப் பாதையாகவே அமைந்திருந்தது. எழுத்து கணினியிலிருந்து செல்லும். திரும்பி வருவன ஐந்து சைகைகள் மாத்திரமே. அச்சுப்பொறி ஒன்றையே கருதிச் செய்யப்பட்டமையால் அக்காலத்தில் இது குறையாகத் தோன்றவில்லை. ஆயின் விரைவில் வேறு தேவைகள் எழுந்தன. இரு கணினிகளுக்கிடையே கோப்புகளை மாற்ற விரும்பியோர் ஓர் உபாயங் கண்டனர். நிலையை அறிவிக்கும் ஐந்து கம்பிகளுள் நான்கினைப் பயன்படுத்தி, ஒரு பைற்றை இரு பாதிகளாகப் பிரித்து, முதலில் ஒரு பாதியையும் பின்னர் மறுபாதியையும் உள்ளே கொணர்ந்தனர். இதுவே ‘அரைப்பைற்று முறை’ எனப்படும். இது மெதுவானது, நொடிக்கு ஏறக்குறைய 50 கிலோபைற்று அளவே செல்லும். எனினும் இதற்கொரு தனிச்சிறப்புண்டு. புதிய உறுப்பு எதுவும் இதற்கு வேண்டியதில்லை; 1981ஆம் ஆண்டின் துறையிலும் இஃது இயங்கும்.

அதன்பின் மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1987இல் ஐ.பி.எம். தன் ‘பி.எஸ். 2’ கணினிகளில் எட்டுக் கம்பிகளையும் இருவழிப் பாதையாக்கியது. 1990களின் தொடக்கத்தில் இன்ரெல், சேர்கொம், செனித் ஆகிய மூன்று நிறுவனங்களுங் கூடி ‘ஈ.பி.பி.’ என்னும் முறையை வகுத்தன. சைகைகளைக் கொடுத்து வாங்கும் வேலையை மென்பொருளிடமிருந்து எடுத்து மின்சுற்றிடம் ஒப்படைத்தமையால், நொடிக்கு 500 கிலோபைற்று முதல் 2 மெகாபைற்று வரை அனுப்ப இம்முறையால் இயன்றது. 1992இல் ஹியூலெற்-பக்கார்ட் நிறுவனமும் மைக்ரோசொவ்ற் நிறுவனமும் ‘ஈ.சி.பி.’ என்னும் வேறொரு முறையை முன்வைத்தன. இதிலே, அனுப்ப வேண்டியவை ஒரு சிறு தேக்கத்தில் வரிசையாகச் சேர்க்கப்பட்டு, கணினியின் மையச் செயலகம் இடைப்படாமலே வெளியேறும். ஒரே பைற்று பலமுறை தொடர்ந்து வருமாயின் அதனைச் சுருக்கி அனுப்பும் வசதியும் இதிலுண்டு. நிரந்தர வட்டு, படிமவருடி முதலியவற்றுக்கு ஈ.பி.பி. முறையும், பெரும்பக்கங்களை ஒரே போக்கில் அனுப்ப வேண்டிய அச்சுப்பொறிகளுக்கு ஈ.சி.பி. முறையும் ஏற்றவையாகக் கருதப்பட்டன.

இவ்வாறு ஒரே வாயிலுக்குள் ஐந்து மொழிகள் பேசப்படலாயின. வாயிலின் தோற்றத்தைக் கண்டு, உள்ளே எம்மொழி வழங்குகிறதென எவராலும் அறிய முடியவில்லை. இக்குழப்பத்தை நீக்கவே 1994ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஐ.ஈ.ஈ.ஈ. 1284 என்னும் நியமம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அந்நியமத்தை ஆக்கியோர் தெரிந்த வழி உற்று நோக்கத்தக்கது. புதிய முறையைக் கட்டாயமாக்கிப் பழைய அச்சுப்பொறிகளைக் கழித்துவிடுதல் அவர்களுக்கு எளிதாயிருந்திருக்கும். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. எந்த உரையாடலும் பழைய இயல்பு முறையிலேயே தொடங்க வேண்டுமென விதித்தனர். புதிய முறையை விரும்புங் கணினி, சாதாரண அச்சுவேலையில் ஒருபோதும் நேராத ஒரு சைகைச் சேர்க்கையைக் கம்பிகளில் வைத்து, தான் விரும்பும் முறையின் குறியெண்ணையும் அனுப்பும். நியமத்தை அறிந்த கருவி உரிய மறுமொழியைத் தரும். அறியாத கருவியோ வாளாவிருக்கும். ஒரு நொடியின் ஆயிரத்தில் 35 பங்கு நேரத்துக்குள் விடை வராவிடின், ‘எதிரிலிருப்பது பழைய கருவி’ என உணர்ந்து கணினி இயல்பு முறைக்கே திரும்பிவிடும். பழைய கருவியின் மௌனமும் ஒரு விடையாகவே ஏற்கப்பட்டது. இதுவே அந்நியமத்தின் உயிர்நாடி எனலாம்.

நியமம் இங்ஙனம் அமைந்தும், நடைமுறையில் இடர்கள் தீர்ந்தபாடில்லை. காரணம் யாதெனின், வினவி விடைபெறும் இவ்வொழுங்கைக் கைக்கொள்ளாத மென்பொருள்கள் பல இருந்தன. நியமத்துக்கு முந்திய துறைகளும் பல இருந்தன. ஈ.பி.பி. முறையிலேயே 1.7, 1.9 என இரு பதிப்புகள் வழங்கின. முந்தியது எதிர்ப்பக்கம் ஆயத்தமா என்பதைப் பாராமலே தொடங்கும். பிந்தியது பார்த்துத் தொடங்கும். இவ்வொரு வேற்றுமையால், ஒரு கணினியில் நன்கியங்கிய கருவி இன்னொன்றில் இடைநடுவே நின்றுவிடும். ஆகவே, கணினி உயிர்பெறும்போது தோன்றும் அடிப்படை அமைப்புத் திரையில், துறை எம்முறையில் இயங்க வேண்டுமெனத் தெரிவு செய்யும் பொறுப்பு பயன்படுத்துவோரின் தலையில் விழுந்தது.

இக்காலப்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாடு இருந்த நிலையை ஈண்டு நினைவுகூர்தல் பொருத்தமாகும். 1990ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டபின், குடாநாட்டுக்கு வெளியிலிருந்து மின்சாரம் வருவது நின்றது. உடுவிலின் அண்டையிலுள்ள சுன்னாகத்து மின்நிலையமும் ஊர்களுக்கு ஒளி தரவில்லை. எரிபொருளுக்கும் மின்கலங்களுக்குந் தடையிருந்தது. மாணவர் போத்தல் விளக்கில் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். செய்தித்தாள்கள் அப்பியாசக் கொப்பித் தாள்களிலும் அச்சிடப்பட்டன. ஈ.சி.பி. முறை முன்வைக்கப்பட்ட 1992ஆம் ஆண்டும், நியமம் ஏற்கப்பட்ட 1994ஆம் ஆண்டும் இவ்விருண்ட ஆண்டுகளுக்குள் அடங்குவன. பிறநாட்டார் படிப்படியாகக் கண்டு பழகிய மாற்றங்களை, உடனிருந்து கற்கும் வாய்ப்பு இப்பகுதிக்குக் கிட்டவில்லை.

2002ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்பிரலில் கண்டி வீதி திறக்கப்பட்டபின், இடைப்பட்ட பத்தாண்டின் பொருள்கள் யாவும் முன்பின் முறையின்றி ஒரே காலத்தில் வரக்கூடிய நிலை தோன்றியது. இத்தகைய இடத்தில் பழையதும் புதியதும் ஒரே மேசையில் சந்திப்பது விதிவிலக்கன்று; அதுவே வழமையாகிறது. புதிய கணினியின் துறை ஈ.சி.பி. முறையில் அமைந்திருக்க, அதன் அருகில் 1980களின் புள்ளி அச்சுப்பொறி இருக்கும். அச்சுப்பொறி அரைகுறை எழுத்துகளைக் கொட்டினாலோ, அசைவற்றிருந்தாலோ, ‘பழையது, பழுதாகிவிட்டது’ என்ற தீர்ப்பு எளிதிற் கிடைக்கும். உண்மையிற் பழுது அதனிடமன்று, தெரிவிலேயே உண்டு. செல்வமுள்ள நிறுவனத்துக்கு இத்தவறு ஒரு சிறு செலவு. ஒரே ஓர் அச்சுப்பொறியை வைத்து வினாத்தாள் அச்சிடும் பாடசாலைக்கோ அஃது ஒரு தவணையின் தவிப்பாகும்.

‘வேகமான முறையே சிறந்த முறை’ என்னும் எண்ணமே இத்தவறுக்கு வேர். அது பொருந்துமா என்பதைத் தமிழ் அச்சின் கணக்கைக் கொண்டே ஆராயலாம். புள்ளி அச்சுப்பொறிகளின் உள்ளே பிறந்தவாறே பொதிந்திருந்தவை ஆங்கில எழுத்துகள். எண்பது எழுத்துள்ள ஆங்கில வரிக்கு எண்பது பைற்றுகள் போதும். தமிழ் எழுத்து அதனிடம் இல்லாமையால், 1980களில் எழுந்த தமிழ் மென்பொருள்கள் ஒவ்வோரெழுத்தையும் புள்ளிகளாலான படமாகவே அனுப்ப வேண்டியிருந்தன. எட்டங்குல வரியில் அங்குலத்துக்கு 60 நிரலாயின் 480 பைற்றுகள். 120 நிரலாயின் 960 பைற்றுகள். மேலே விசிறியுங் கீழே சுழியும் உடைய தமிழ் எழுத்து ஒரே ஓட்டத்தில் அடங்காதாயின், அத்தொகை இரட்டிக்கும். ஆங்கில வரியிலும் தமிழ் வரி பன்னிரண்டு மடங்கு, இருபத்துநான்கு மடங்கு எனப் பாரமாகிறது.

இதனைக் கண்டு, தமிழுக்கு வேகமான முறை இன்றியமையாதது எனக் கருதத் தோன்றும். ஆயின் கணக்கின் மறுபாதியையும் நோக்க வேண்டும். நொடிக்கு 80 எழுத்து அடிக்கும் அச்சுப்பொறியின் தலை, 480 நிரலுள்ள ஒரு வரியைக் கடக்க ஏறக்குறைய ஒரு நொடி எடுக்கும். அஃதாவது நொடிக்குச் சுமார் 500 பைற்றுக்கு மேல் அதனால் உண்ண இயலாது. மிகப் பழைய இயல்பு முறையோ, நொடிக்குப் பல்லாயிரம் பைற்றுகளை எளிதில் வழங்க வல்லது. எனவே தமிழை மெதுவாக்கியது வடமன்று. ஊசிகளைத் தாங்கிய தலையே. துறையை ஈ.சி.பி. முறைக்கு மாற்றுவதால் தமிழ் வரி ஒரு கணமேனும் முன்னதாக வாராது. கருவியோடு பிணக்கு நேரும் வாய்ப்பு மட்டுமே மிகும்.

வேறொரு கருவியை எடுத்துக்கொண்டால் முடிவு நேர்மாறாகும். 1990களின் நடுப்பகுதியில் ஐயோமெகா நிறுவனம் விற்ற ‘சிப்’ வட்டியக்கி, 100 மெகாபைற்றுக் கொள்ளளவுடையது. அதனை நொடிக்கு 50 கிலோபைற்றாக அரைப்பைற்று முறையில் நிரப்ப அரைமணி நேரத்துக்கு மேலாகும். ஈ.பி.பி. முறையில் நொடிக்கு 500 கிலோபைற்றாயின், மூன்றரை நிமிடத்தில் அவ்வேலை முடியும். இங்கே புதிய முறையைத் தெரிதல் அறிவுடைமை. எனவே முறை எதுவும் தன்னளவில் உயர்ந்ததுமன்று, தாழ்ந்ததுமன்று. எதிரிலிருக்கும் கருவியின் ஆற்றலும் தேவையுமே தெரிவை நிருணயிக்கின்றன.

இவ்வரலாற்றிலிருந்து தெரிவுக்கான ஒழுங்கு தானே புலப்படுகின்றது. 1990க்கு முற்பட்ட அச்சுப்பொறிக்கு இயல்பு முறையே தகும். மை குறைந்தது என்பது போன்ற செய்திகளைத் திருப்பிக் கூறும் அச்சுப்பொறிக்கு இருவழி முறை வேண்டும். வட்டியக்கிக்கும் படிமவருடிக்கும் முதலில் ஈ.பி.பி. முறையைச் சோதிக்கலாம். பிற்காலத்து லேசர் அச்சுப்பொறிக்கு ஈ.சி.பி. ஏற்றது. ஈ.சி.பி. முறை தனக்கென ஒரு நேரடி நினைவக வழியையும் கோருவதால், ஒலி அட்டை முதலியவை அதே வழியைப் பிடித்திருக்கின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். ஐயம் நேரின் அடிப்படியிலிருந்து தொடங்கி மேலேறுவதே முறை. உச்சியிலிருந்து இறங்கி வருவோன், எப்படியில் இடறினான் என்பதை அறியான். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றி, முன்னிருந்த அமைப்பைக் குறித்துவைத்தல் நன்று.

வடத்தையும் மறத்தலாகாது. பழைய வடங்கள் இரண்டு மீற்றர் அளவில் மட்டும் நம்பத்தக்கவை; 1284 நியமத்துக்கு அமைந்தவை பத்து மீற்றர் வரை நீளலாம். இயல்பு முறையில் ஒழுங்காக வேலைசெய்த பழைய வடமே, வேகமான முறையில் எழுத்தைச் சிதைப்பதுண்டு. அன்றியும், மின்னோட்டம் உள்ளபோது வடத்தைச் செருகுதலும் பிடுங்குதலும் துறையின் மின்சுற்றையே எரித்துவிடக்கூடும். இருபுறமும் மின்னை நிறுத்தியபின்னரே கைவைத்தல் வேண்டும்.

சமாந்தரத் துறையின் முடிவும் அதன் தொடக்கத்தைப் போலவே கருத்துக்குரியது. 1996ஆம் ஆண்டு சனவரியில் யூ.எஸ்.பி. நியமத்தின் முதற் பதிப்பு வெளிவந்தது. பத்தாண்டுக்குள் புதிய கணினிகளிலிருந்து பழைய துறை நீங்கத் தொடங்கிற்று. யூ.எஸ்.பி. பல வகையிலும் மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயின் 1284 நியமத்தார் பழையதற்காக விட்டுவைத்த அடிப்படி இம்மாற்றத்திற் பேணப்படவில்லை. பழைய வடத்தை யூ.எஸ்.பி. வாயிலோடு பொருத்தும் மாற்றிகள் விற்கப்பட்டன. அவை பெரும்பாலும் அச்சுப்பொறிக்கு மட்டுமே உதவின. துறையின் கம்பிகளை ஒவ்வொன்றாக நேரே ஆண்ட ஆய்வுகூடக் கருவிகளுக்கும், மென்பொருளின் உரிமையைக் காக்கத் துறையிற் செருகப்பட்ட பூட்டுகளுக்கும் அவை பயன்படவில்லை. நன்கியங்கிய கருவிகள் பல, பேசுவதற்கு ஆளின்றியே வழக்கொழிந்தன.

மானிப்பாயில் எழுத்துக் கோத்தோன் உயரம் பார்த்தான். 1994இன் அறிஞர் கம்பிகளினூடே வினாவெழுப்பி, விடைக்காகக் காத்திருக்கக் கணினிக்குக் கற்பித்தனர். இருவருக்கும் நோக்கம் ஒன்றே: புதிதாக வருவது, முன்னரே இருப்பது யாதென அறிந்து அதனோடு சேர வேண்டும் என்பது. பொருள்கள் பிந்தியும், பலரது கைமாறியும் வந்து சேரும் நாட்டிற் கற்பிப்போரும் கற்போரும் இதனை மனங்கொள்ளல் வேண்டும். பாடசாலைக் களஞ்சியத்தின் மூலையிலே தூசி படிந்து கிடக்கும் கருவியைக் கழிவென்று எழுதுமுன், அதனிடம் அதற்கு விளங்கும் மொழியில் ஒருமுறை வினவிப் பார்த்தல் தகும். அது வாளாவிருந்தால், அம்மௌனத்தின் பொருளை அறிந்தபின்னரே தீர்ப்புக் கூறல் முறையாகும்.